பதினாறு ஜன்னல் வீடு

என் வீட்டை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். அன்றும் வந்தது, இன்றும் வருகிறது. அந்த வீடு போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. கோபம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

ஐம்பதுகளில் நான் ரோடு இஞ்சின் டிரைவர். மைசூர் எல்லையில் இருக்கும் ஜூஜுவாடியிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் எங்கே புதிதாக ஜல்லி பரப்பினாலும், அதன்மேல் ஏறி மிதித்துச் சமன் செய்கிற வேலை என்னுடையது. கரி போட்டு, தண்ணீர் கொதித்து, ஆவியில் நகரும் இஞ்சின். மெதுவாக நடக்கிறவன்கூட அதை முந்திக்கொண்டு போய், மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டு, "இன்னுமா வரல?" என்று கேட்பான். அதற்கும் எனக்குக் கோபம் வரும்.

வேலை எங்கேயோ ஜாகையும் அங்கேதான். முதலில் கூடாரம் வைத்திருந்தேன். ஓர் ஆடி மாதம் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் ராகிக் காட்டில் போட்டது. கூடாரத்துக்குள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் இரண்டு வேட்டிகளும் கூடவே போயின. கோவணத்தோடு ராகிக் காட்டுக்குள் நின்றபடிதான் முடிவு செய்தேன்: சக்கரம் வைத்த வீடு ஒன்று வாங்கிவிட வேண்டியதுதான்.

மூன்று வீடுகளைப் பார்த்தேன். பெங்களூரில் சண்டைக் காலத்து மிலிட்டரி சாமான்களை ஏலம் விட்ட இடத்தில் ஒரு டிரெய்லர். ஓசூர்ச் சந்தையில், மேலே மூங்கில் வளைத்துப் பாய் கட்டிய பெரிய மாட்டு வண்டி. கிருஷ்ணகிரியில் ஒரு பஸ் முதலாளியின் ஷெட்டுக்குப் பின்னால், பெட்ரோல் கிடைக்காத சண்டைக் காலத்தில் கரி வாயுவில் ஓடி ஓய்ந்துபோன பஸ். இஞ்சினைத் தனியாகக் கழற்றி விற்றுவிட்டார்கள். கூடு மட்டும் எருக்கஞ்செடிகளுக்கு நடுவே நின்றது.

வாங்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் ஒரு மத்தியானம் படுத்துத் தூங்கிப் பார்க்கவேண்டும் என்று சொன்னேன். ஏலக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி என்றார். டிரெய்லர் முழுக்க இரும்பு, ஒரே ஒரு துவாரம். அரை மணி நேரத்தில் வெந்த கிழங்காக வெளியே வந்தேன். மாட்டு வண்டியில் தூக்கம் வந்தது, ஆனால் அந்த மாடுகளுக்கு என்னைப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு ஜன்னல். படுத்ததுதான் தெரியும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முதலாளியே வந்து, "யப்பா, வாங்கறதுன்னா வாங்கு, இல்லன்னா எழுந்துபோ" என்று எழுப்பினார். வாங்கினேன்.

அதன் பிறகு ஒரு நாள்கூட, 'அந்த டிரெய்லரை வாங்கியிருக்கலாமோ' என்று நான் நினைத்ததில்லை. வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகளில் இப்படிச் சொல்லக்கூடியவை இரண்டுதான். இரண்டாவதைக் கடைசியில் சொல்கிறேன்.

சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டேன். முன்பக்கத்து இரண்டு சீட்டுகளை மட்டும், வருகிறவர்கள் உட்கார என்று விட்டுவைத்தேன். அவற்றுக்கு மேலே 'பெண்கள்' என்று எழுதியிருந்தது. அதை அழிக்க மனம் வரவில்லை. டிரைவர் உட்காரும் இடத்தில் அரிசி டின், அடுப்புக்குப் பின்கதவு ஓரம். மழையில் ஒழுகாது, காற்றில் பறக்காது. அக்கம்பக்கம் பிடிக்காவிட்டால் ஒரு மாதத்தில் அக்கம்பக்கமே மாறிவிடும். இந்த வசதி எந்த மாளிகையில் இருக்கிறது, சொல்லுங்கள்.

வேலை முடிந்து இடம் மாறும்போது வீட்டின் முன் அச்சில் இரும்புக் கட்டையை மாட்டி இஞ்சினோடு கோத்துவிடுவேன். இஞ்சின் முன்னால், வீடு பின்னால். வழியில் நிற்கிறவர்கள் கை காட்டுவார்கள். எல்லைப் பக்கம், "ஹொசூரிகெ ஹோகுத்தேனப்பா?" என்று கன்னடத்தில் கேட்பார்கள். கொஞ்சம் தள்ளி வந்தால் அதையே தெலுங்கில் கேட்பார்கள். ஓசூர் போகும், ஆனால் நீங்கள் நடந்தால் முன்னாலேயே போய்விடலாம் என்று மூன்று பாஷையிலும் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

ஒரே ஒரு குறை. அதையும் நானே சொல்லலாம், மற்றவர்கள் சொல்லக்கூடாது. பஸ்ஸின் மணிக்கயிறு அப்படியே இருந்தது. கூரையை ஒட்டிப் பின்னாலிருந்து முன்னால் வரை ஓடி, முன்பக்கத்துப் பித்தளை மணியில் முடியும். ஒரு மணி அடித்தால் வண்டி நிற்கவேண்டும், இரண்டு அடித்தால் கிளம்பவேண்டும். ஆனால் டிரைவர் நான் வெளியே இஞ்சின்மேல் உட்கார்ந்திருக்க, உள்ளே யார் இருக்கிறார்கள் அடிப்பதற்கு? இஞ்சின் மேட்டில் ஏறிக் குலுங்கினால் மணி தானாக ஒருமுறை முனகும். யாரோ கூப்பிட்டதாகத் திரும்பிப் பார்ப்பேன். எல்லாம் காலி ஜன்னல்.

எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கிருஷ்ணகிரியில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா எனக்குப் பெண் தேடித் தேடி அலுத்துவிட்டாள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவது எங்கள் பக்கத்து வழக்கம். வாசல் எந்தத் திசை, கிணறு உண்டா, மாடு கட்ட இடம் உண்டா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். பெண் வரமாட்டாள். அவள் அந்த வீட்டை முதலில் பார்ப்பதே கல்யாணமாகி வலது காலை எடுத்து வைக்கும்போதுதான். என் வீட்டை இரண்டு குடும்பம் வந்து பார்த்தது. ஒரு பெரியவர், "பொண்ணக் கட்டிக் குடுக்கறதா, டிக்கெட்டு எடுத்துக் குடுக்கறதா?" என்று கேட்டார். அவரை நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதமுடியாது.

"ஒரே ஒரு நாளிக்கி, பக்கத்து வூட்ட உன் வூடுன்னு காட்டிக்கலாம்டா" என்று அக்கா கெஞ்சினாள்.

"என் வூட்டப் புடிக்காதவங்களுக்கு என்னையும் புடிக்க வேணாம்" என்றேன்.

இப்படியே வீம்பாக இருந்திருப்பேன். ஆனால் மூன்றாவதாக அக்கா சொன்ன பெண் எனக்குத் தெரிந்த பெண். முந்தின வருஷம், கெலவரப்பள்ளிக்கு வண்டிப்பாதை பிரிகிற இடத்தில் வேலை செய்தபோது, முட்டைக்கோஸ் ஏற்றிய மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவள். என் இஞ்சின் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அவள் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தபடி, "இந்த வண்டி ஒதுங்குமா? இல்ல, நாங்க ரோட்டத் தூக்கி அப்பால வெச்சிக்கினு போவணுமா?" என்று கேட்டாள். அதுவரைக்கும் யாருக்கும் ஒதுங்காத இஞ்சினை ஒதுக்கினேன். அப்போது என் வீடு அரை மைல் தள்ளிப் புளியமரத்தடியில் நின்றிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவள்தான் பெண் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளும் வேண்டும், வீடும் வேண்டும். இரண்டில் ஒன்றை விடு என்றால் எதை விடுவேன் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

அக்கா அவர்களிடம் பொய் சொல்லவில்லை. "மெயின் ரோட்டு ஓரம் தனி வூடு, பதினாறு ஜன்னலு, மழைக்கி ஒரு சொட்டு ஒழுவாது" என்று சொல்லியிருந்தாள். சக்கரத்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தை மாதம், வளர்பிறைப் புதன்கிழமை, ஜூஜுவாடிக்கு வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு.

அன்று விடியற்காலையில் எழுந்து ஜன்னல்களைத் துடைத்தேன். களி கிண்டி, அவரைக்காய்ச் சாறு வைத்தேன். குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு நின்றபோது மேஸ்திரி சைக்கிளில் வந்து இறங்கினார். சானமாவுப் பக்கம் ஜல்லி பரப்பிவிட்டார்களாம், லாரிகள் ஏறமுடியாமல் நிற்கின்றனவாம், சாயங்காலத்துக்குள் இஞ்சின் அங்கே இருக்கவேண்டுமாம். கரி போடுகிற தெலுங்குக்கார அண்ணன் என் முகத்தைப் பார்த்து, "தேவுடா!" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நெருப்பை மூட்டினார். வேறென்ன சொல்ல இருக்கிறது? இஞ்சினோடு வீட்டைக் கோத்து முடித்த நேரத்தில் பஸ் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். அக்கா, பெண்ணின் அப்பா, பெண்ணின் அத்தை. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது என்று அப்பா நாலாவதாக ஒரு கல்லை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அத்தை ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பஸ் ஏறினால் வாந்தி எடுக்கிற உடம்பாம். அப்போதுதான் எடுத்து முடித்திருந்தார்.

"வூடு எங்க தம்பி?" என்றார் அப்பா.

"இதுதாங்க."

"இது பஸ்ஸு."

"பஸ்ஸா இருந்துதுங்க. இப்ப வூடு."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா ஜன்னல்களைப் பார்த்தாள், பதினாறும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. அவர் வாசல்படி எந்தத் திசை என்று கேட்டார். இப்போது கிழக்கு, வளைவு தாண்டினால் தெற்கு, உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டேன். கிணறு? ஊருக்கு ஒன்று. மாடு கட்ட? ரோடு முழுக்க. நான் நேராகத்தான் பதில் சொன்னேன். அவருக்கு அது திமிராகப் பட்டிருக்கிறது.

"ஐயா, எனக்கு இப்ப சானமாவு போயாவணும். உங்களுக்குத் திரும்பறதுக்கு பஸ்ஸு சாயங்காலந்தான். இந்த வூடு உங்க ஊருப் பாதை வழியாத்தான் போவுது. ஏறிக்கோங்க" என்றேன்.

"வூட்டப் பாக்க வந்தா வூடு கெளம்புது!" என்று அவர் தலையில் கை வைத்தார். அதற்குள் அத்தை ஏறி, 'பெண்கள்' என்று எழுதியிருந்த சீட்டில் உட்கார்ந்துவிட்டார். நிறுத்த நினைத்தால் ஒரு மணி, கிளம்ப இரண்டு மணி என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு இஞ்சின்மேல் ஏறினேன்.

அத்தை அந்தக் கயிற்றை விடவில்லை. ஒரு மணி அடித்து நிறுத்தி, இறங்கி வெற்றிலை வாங்கினார். ஒரு மணி அடித்து நிறுத்தி, வேலியோரத்துக் கீரை பறித்தார். அடிக்கொருதரம் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னும் வாந்தி வரலியே!" என்று எங்களுக்குச் செய்தி சொன்னார். ஐம்பது வயசு தாண்டி அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த அம்மாள் வயிறு புரளாமல் ஒரு வண்டியில் போனாராம். எங்கள் வேகத்துக்கு எந்த வயிறுதான் புரளும்? அப்பா மட்டும் கட்டில் ஓரத்தில், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, வீட்டின் குறைகளை ஒவ்வொன்றாக மனத்தில் எழுதிக்கொண்டு வந்தார். குறை சொல்ல வாய் திறந்தபோதெல்லாம் அத்தை மணியடித்துவிட்டார்.

மத்தியானம் ஓசூர் ஏரிக்கரையில் இஞ்சினுக்குத் தண்ணீர் ஏற்ற நிறுத்தினோம். அக்கா தட்டுகளை எடுத்து வைத்தாள். அப்பா கையை உயர்த்தினார். சம்பந்தம் முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக்கூடாது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்றுதான் அர்த்தம். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். ஆனால் அவரைக்காய்ச் சாற்றின் வாசனைக்கு அது தெரியாது. அத்தை இரண்டு முறை மூச்சை இழுத்தார்.

"போடும்மா" என்றார் அக்காவிடம்.

"ஏய், கை நனைக்கக்கூடாது!" என்று அப்பா அதட்டினார்.

"வூட்டுலதானே நனைக்கக்கூடாது? நீதான் காலையிலருந்து இது பஸ்ஸு, பஸ்ஸுங்கறியே. பஸ்ஸுல போறவங்க கட்டுச்சோறு துன்றதில்லியா?" என்று சொல்லிக்கொண்டே அத்தை இரண்டு உருண்டை களியை முடித்தார். எலுமிச்சம்பழத்தை அக்கா கையில் கொடுத்து, "இது இனிமே வேணாம், ஊறுகாய் போட்டுக்கோ" என்றார்.

அப்பா யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் மாறியது. இது வீடு என்றால், தன் கூடப்பிறந்தவள் மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்துவிட்டாள், பேச்சு முடிந்தது. இது பஸ் என்றால் மாப்பிள்ளைக்கு வீடே இல்லை, பெண் கொடுக்க வேண்டியதில்லை; ஆனால் அப்புறம் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று ஊரில் எப்படிச் சொல்வது? காலையிலிருந்து மாலை வரை எதில் உட்கார்ந்திருந்தோம் என்று கேட்பார்களே? ஓசூரைத் தாண்டியும் அவர் விரல்விட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் இஞ்சின்மேலிருந்து அடிக்கடி திரும்பிப் பார்த்தேன். வாழ்நாளில் முதல்தடவையாக என் வீட்டு ஜன்னல்களில் முகங்கள் இருந்தன. ஆனால் என் கண் அப்பாவின் முகத்திலேயே போய் நின்றது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் கெலவரப்பள்ளிப் பாதை பிரிகிற இடத்துக்கு வந்தோம். அவர்கள் குடியிருப்பு ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். இஞ்சின் ஊதியதும் காட்டில் வேலை செய்த சனம் முழுக்க ஓடிவந்தது. அந்தக் கூட்டத்தில் அவளும் இருந்தாள், கையில் களைக்கொத்தோடு. அத்தை ஜன்னலிலிருந்து கையை ஆட்டி, "அடியே, ஏறி வந்து பாருடி, வாந்தியே வரல!" என்று கத்தினார். அவள் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு ஏறினாள். எங்கள் தாலுகாவில், கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்த முதல் பெண் அவளாகத்தான் இருக்கவேண்டும். வழக்கத்தை அவள் மீறவில்லை. வீடுதான் அவள் ஊருக்கு வந்துவிட்டது.

உள்ளே டின் மூடிகள் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. கட்டில் நகர்ந்தது. ஒவ்வொரு ஜன்னலாக ஏற்றி இறக்கிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

அப்பா என்னருகே வந்தார். மடியிலிருந்த கல்லை எடுத்து ரோட்டோரம் போட்டார்.

"தம்பி, வூட்டுக்குப் போயி நாலு பேர்கிட்ட யோசன பண்ணி, அப்பறமா சொல்லி அனுப்பறோம்" என்றார்.

சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு தடவை தெரிந்துகொண்டவன் நான். சுருக்கென்று கோபம் வந்தது. "யோசன பண்ண வேணாங்க. எல்லாரும் எறங்கட்டும், வூடு போவணும்" என்று சொல்லிவிட்டு இஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்தேன். ஏறின பிறகுதான் கோபம் இறங்கியது. பெண்ணும் போயிற்று என்று புரிந்தது. வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன் என்று முதன்முதலாக நினைத்தேன். என் வீட்டை நானே குறைத்து நினைத்தது அந்த ஒரு கணம்தான்.

அப்போது மணி அடித்தது. ஒரே ஒரு மணி. நில் என்று அர்த்தம்.

நின்றுகொண்டிருந்த வண்டிக்கு அதை யார் அடிக்கிறார்கள் என்று திரும்பினேன். முன் ஜன்னலில் அவள் முகம். பக்கத்தில் அத்தை. எனக்கும் அவளுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. ஆனாலும் அவள் என்னைக் கேட்கவில்லை, அத்தையைக் கேட்டாள்.

"அத்த, அரிசி டின்னு மேல வெயில் அடிக்குது. வண்டு வுழும். வூட்ட எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துவாங்கன்னு கேளு."

அத்தை என்னைக் கேட்டார். கரி போடுகிற அண்ணன் என் இடுப்பில் குத்தினார்.

"அவங்க எந்தப் பக்கம் சொல்றாங்களோ அந்தப் பக்கம்" என்றேன்.

அதை அத்தை அவளுக்குச் சொன்னார். அவள் தலையை நீட்டி, வெயில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாள். இஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒரு குழந்தை அழுதது. பிறகு அவள் கை மேலே கயிற்றுக்குப் போனது.

ஒன்று. இரண்டு.

"எறங்குடி மொதல்ல!" என்று அப்பா கத்தினார். ஆனால் இரண்டு மணி அடித்த பிறகு நிற்கிற டிரைவர் உலகத்தில் உண்டா? ஆவியைத் திறந்தேன். நான் சொன்ன இரண்டாவது முடிவு அதுதான். வீடு நகர்ந்தது. அந்த மணியை உள்ளேயிருந்து எனக்காக ஒருத்தி அடிக்க மூன்று வருஷம் காத்திருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அழுதேன், சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. அப்பா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, அவளைத் திட்டியபடியே பக்கத்தில் நடந்து வந்தார். எங்கள் வேகத்துக்கு நடப்பது சிரமமில்லை. நூறடி போனதும் திட்டுவது நின்றது. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் படியில் காலை வைத்து ஏறினார். திரும்பிப் பார்த்தேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த களியில் கையை நனைத்துக்கொண்டிருந்தார்.